மேடுபள்ளம் பார்த்துவிட்டு மனை பிரிப்பதா, மனை பிரித்துவிட்டு மண் அடிப்பதா?

கிழக்குத்தெரு (இழையைத் தொடங்கியவர்) · பிப்ரவரி 9

மதுரையிலிருந்து போகும் மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையைத் தாண்டி வடக்கே, எங்கள் பங்காளிகள் ஏழு குடும்பத்துக்கும் பொதுவாக 18 ஏக்கர் புன்செய் இருக்கிறது. பத்து ஆண்டுகளாக உழவு இல்லை. ஒரு பக்கம் பழைய தென்னந்தோப்பு, மறுபக்கம் சீமைக்கருவேலம். தென்கிழக்கு மூலை ஊர்க் கண்மாயின் உள்வாயை, அதாவது நீர் தேங்கும் உட்பரப்பைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. இதை நகர ஊரமைப்புத் துறையின் ஒப்புதலோடு முறையான மனைப்பிரிவாக்கிப் பங்கு பிரித்துக்கொள்வது என்று பேசி முடித்திருக்கிறோம். காகித வேலைகள் என் தலையில் விழுந்திருக்கின்றன.

ட்ரோன் பறக்கவிட்டு நிலத்தின் மேடுபள்ளத்தைக் கணினியில் மாதிரியாக எடுத்து, அரை மீட்டர் இடைவெளியில் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) போட்டுத் தருவதாக ஒரு நிறுவனம் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறது. தொகை சிறியதல்ல. சித்தப்பா மகன், செயற்கைக்கோள் தரவு இலவசமாகவே கிடைக்கும்போது இதற்கு ஏன் செலவு என்கிறான். பெரியப்பாவோ, எப்படியும் மண் அடித்துச் சமப்படுத்தத்தானே போகிறோம், பிறகு மேடு எது பள்ளம் எது என்று எதற்குத் தெரிய வேண்டும் என்கிறார். இந்த மூன்றில் எதைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் வீட்டில் எடுத்துப் பேச உதவியாக இருக்கும்.

வரைபடமேசை · பிப்ரவரி 9

உங்கள் சித்தப்பா மகன் சொல்வதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை. அவர் பெரும்பாலும் எஸ்.ஆர்.டி.எம். தரவைத்தான் சொல்கிறார். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பறந்து ரேடாரால் எடுத்தது அது; இன்று 30 மீட்டர் கட்டங்களாக யாரும் இறக்கிக்கொள்ளலாம். 2005இல் ஏவப்பட்ட நம்முடைய கார்ட்டோசாட்-1இன் இரட்டைக் கேமராப் படங்களிலிருந்து செய்த மாதிரியும் இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஐரோப்பியர்கள் வெளியிடும் கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் மாதிரி இம்மூன்றில் ஒழுங்கானது என்பது என் அனுபவம்.

இனி உங்கள் நிலத்துக்கு வருவோம். 18 ஏக்கர் என்பது ஏறத்தாழ 72,800 சதுர மீட்டர். ஒரு கட்டம் 900 சதுர மீட்டர். ஆக உங்கள் மொத்த நிலத்துக்கும் கிடைப்பது எண்பது எண்கள்தாம். எஸ்.ஆர்.டி.எம்.இல் அந்த எண்களும் முழு மீட்டராகவே இருக்கும். 130க்கு அடுத்தது 131, நடுவில் ஒன்றும் இல்லை. அந்தப் பகுதியில் ஒரு வயல்வெளியின் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் இருக்கும் இறக்கமே ஒன்றரை இரண்டு மீட்டர்தான் என்னும்போது, இந்த எண்பது எண்கள் எதைச் சொல்லிவிட முடியும்? போதாக்குறைக்கு, ரேடார் பார்த்தது தரையை மட்டுமன்று, தென்னந்தலையையும் சேர்த்துத்தான். அது பறந்த மாதத்தையும் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்களே ஆன பிப்ரவரியில் கண்மாயில் நீர் கிடந்திருந்தால், தரவில் பதிந்திருப்பது நீரின் மேல்மட்டம். கண்மாயின் படுகை அன்று. நான்கைந்து மீட்டர் அகலமுள்ள கண்மாய்க் கரை 30 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்தே போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை. 12.5 மீட்டர் கட்டத்தில் ஜப்பானின் ஆலோஸ் செயற்கைக்கோள் தரவு இருக்கிறது, அதுதான் துல்லியம் என்று இணையத்தில் பலர் சொல்வார்கள். ரேடார் படங்களைத் திருத்துவதற்காக அத்துடன் வைத்துத் தரப்படும் அந்த உயரக் கோப்பு, நம் பகுதியில் பழைய எஸ்.ஆர்.டி.எம்.ஐயே நுண்ணிய கட்டங்களாகச் சீவி வைத்ததுதான். தேங்காயைப் பொடியாகத் துருவினால் தேங்காய் கூடிவிடாது.

இருந்தும் பாதி உண்மை என்று ஏன் சொன்னேன் என்றால், உங்கள் கண்மாய்க்கு நீர் எங்கிருந்து வருகிறது, அழகர்மலை அடிவாரத்தின் எந்தப் பரப்பு அதில் வடிகிறது, அந்தச் சங்கிலியில் மேலே எத்தனை கண்மாய் இருக்கிறது என்பதை அறிய இந்த இலவசத் தரவு போதும். மீட்டர்க் கணக்கான தரவை வைத்துக்கொண்டு சாண் கணக்கில் தீர்ப்புச் சொல்வதுதான் தவறு.

மட்டக்கோல் · பிப்ரவரி 10

நான் உரிமம் பெற்ற நில அளவர். வரைபடமேசை ஐயா சொன்னதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் ட்ரோன் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். ட்ரோன் புகைப்படம் எடுக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று படியும் நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து மென்பொருள் உயரத்தைக் கணிக்கிறது. படத்தில் தெரியாததை அது கணிக்க முடியாது. உங்கள் நிலத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்த பகுதியில் அதற்குத் தெரிவது முள்மரத்தின் தலை. மென்பொருளில் மரத்தை நீக்கித் தரையை மட்டும் வடிகட்டும் வழி உண்டு என்பார்கள். அடியில் தரை ஓரிடத்திலேனும் தெரிந்திருந்தால்தானே வடிகட்டுவதற்கு? லைடார் கருவி பொருத்திய ட்ரோனாக இருந்தால் இலை இடுக்கில் புகுந்து வரும் லேசர்க் கதிர்களில் சில தரையைத் தொடும். அதற்கான கட்டணம் வேறு.

18 ஏக்கருக்கு என் யோசனை இது: திறந்த வெளியை ட்ரோனுக்கு விட்டுவிடுங்கள். தோப்புக்குள்ளும் முள்காட்டுக்குள்ளும் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல் கருவியும் ஸ்டாஃப் என்னும் அளவுக்கோலுமாக இரண்டு ஆள் மூன்று நாள் நடந்தால் போதும்.

நேர்கோடு · பிப்ரவரி 10

இருபது ஆண்டுகளாக மனைப்பிரிவுத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் பெரியப்பா பக்கம் நின்று பேசுகிறேன். மனை வாங்க வருகிறவர் சமவுயரக் கோட்டைக் கேட்பதில்லை. சாலை எத்தனை அடி, பட்டா யார் பெயரில், குடிநீர் எத்தனை அடியில் என்று கேட்கிறார். டோசர் விட்டுச் சமப்படுத்தி, தாழ்வான பக்கம் மண் அடித்துச் சாலை போட்டால் வேலை முடிந்தது. செலவு கணக்கில் அடங்குகிறது. இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு மாதிரி, ஒரு மென்பொருள் என்று கிளம்பியிருப்பது தொழிலின் செலவைக் கூட்டுகிறதே ஒழிய வேறில்லை.

மனைத்திட்டம் · பிப்ரவரி 11

நேர்கோடு அண்ணன் செலவு என்று சொன்னதால் செலவையே எடுத்துக்கொள்வோம். ஐந்து ஏக்கரை இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும் என்று வையுங்கள். 20,234 சதுர மீட்டரை 0.6ஆல் பெருக்கினால் 12,140 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர் என்னும் நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 4,290 யூனிட் மண். ஒரு யூனிட் இன்று என்ன விலை என்பது எல்லாரையும்விட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த உயரக் கணிப்பில் வெறும் 10 சென்டிமீட்டர் பிசகினால் 715 யூனிட் கூடும் அல்லது குறையும். மட்டமே எடுக்காமல் கண்ணளவில் டோசர் ஓட்டுபவருக்குத் தான் எத்தனை யூனிட்டை வீணாக்கினோம் என்பதே தெரியாது. அதனால்தான் செலவு கணக்கில் அடங்குவதுபோலத் தோன்றுகிறது.

நில மாதிரி முன்கூட்டியே கையில் இருந்தால், எந்தச் சாலையை இறக்கத்தின் போக்கில் விடுவது, எதைக் குறுக்கே விடுவது, பூங்காவுக்கு விடவேண்டிய பொது இடத்தை எந்த மூலையில் வைப்பது என்று வரைவுக்கு முன்பே முடிவு செய்யலாம். பொது இடத்தை விற்பனைக்கு ஆகாத கோணல் மூலையில் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. தாழ்ந்த இடத்தில் வைத்தால் அதே இடம் மழைநீர் தங்கி இறங்கும் இடமாகவும் இருக்கும், மண் அடிக்க வேண்டிய பரப்பும் குறையும். 18 ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 7,280 கன மீட்டர், அதாவது 72 லட்சம் லிட்டருக்கு மேல். இன்று அதில் பெரும்பகுதியை மண் குடித்துவிடுகிறது. நாளை கூரையும் தாரும் சிமென்ட் முற்றமும் வந்த பிறகு அது எங்கே போகும் என்பதைத்தான் வரைபடம் முதலில் சொல்ல வேண்டும்.

2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர்ப் பக்கம் தெருவில் நின்ற நீரை நாம் எல்லாருமே பார்த்தோம். செல்லூர்க் கண்மாயின் உபரிநீரை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி வாய்க்காலின் இரு புறமும் நெருங்கி வீடுகள் இருக்கின்றன. அங்கே இப்போது செய்யக்கூடியது அகலப்படுத்துவது, சுவர் கட்டுவது போன்ற விலையுயர்ந்த வேலைகள் மட்டுமே. ஒத்தக்கடைக்கு வடக்கே இன்னும் காகிதத்திலேயே திருத்திக்கொள்ளலாம்.

மடைவாய் · பிப்ரவரி 12

நான் அந்தப் பக்கத்து ஆயக்கட்டு விவசாயி. கணினி எல்லாம் மகன் பார்த்துக்கொள்கிறான். இத்தனை பேர் எழுதியதில் யாரும் கலுங்கை, அதாவது கண்மாயின் உபரிநீர் வழிந்து வெளியேறும் கல்கட்டைப் பற்றிப் பேசவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

கண்மாய் நிரம்பினால் நீர் நிற்கும் மட்டத்தை முடிவு செய்வது கரை அன்று, கலுங்கின் மேல்தளம். கலுங்குக் கல்லுக்கு மேல் ஏறிய நீர் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். அந்தக் கல் எந்த மட்டமோ அந்த மட்டம் வரை உள்வாயில் நீர் ஏறும்; பட்டா நிலமா புறம்போக்கா என்று நீர் கேட்டுக்கொண்டு வராது. பெருமழையில் கலுங்குக்கு மேலேயே ஒன்றரை அடி நீர் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உள்வாயும் அந்த அளவு கூடுதலாக நிரம்பும். கிழக்குத்தெரு தம்பியின் நிலம் உள்வாயைத் தொடுகிறது என்றால், அவர் முதலில் கேட்க வேண்டியது தன் நிலம் கலுங்குக் கல்லுக்கு மேலா கீழா என்பதைத்தான். ட்ரோன்காரர் அவருடைய எல்லைக் கல்லோடு நின்றுவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை வராது. கலுங்குக்கும் போய் மட்டம் எடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. உள்வாயில் மண் அடித்து உயர்த்தினால் உங்கள் மனை தப்பும். அந்த இடத்தில் நின்ற நீர் பக்கத்து நிலத்துக்குப் போகும். எங்களுக்குக் கண்மாயின் கொள்ளளவும் குறையும்.

கிழக்குத்தெரு · பிப்ரவரி 12

மடைவாய் ஐயா, நன்றி. உண்மையைச் சொன்னால் எங்கள் கண்மாய்க்குக் கலுங்கு எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. இன்று மாலை பெரியப்பாவை வண்டியில் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கரையின் கிழக்குக் கோடியில், பாதி மண்மூடி, மேலே ஆட்டுப்பட்டி போட்டிருக்கிறார்கள். அவர் சிறு வயதில் மறுகாலில் மீன் பிடித்த இடமாம்.

சித்தப்பா மகன் சொன்ன தரவையும் கணினியில் திறந்து பார்த்தேன். தென்னந்தோப்பு ஒரு குன்றைப்போல் உயர்ந்து தெரிகிறது. கண்மாய்க் கரையைக் காணவே இல்லை.

வரைபடமேசை · பிப்ரவரி 13

மடைவாய் ஐயா சொன்னதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் என்ற பழைய வரைபடங்களுக்குப் பின் வந்த இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாளில், மதுரைக்கு அது 58 கே/1, கண்மாய்க் கரைகளின் அருகே ஒரு சிறு எண்ணும் ஆர் என்ற எழுத்தும் அச்சாகியிருக்கும். சுற்றுத் தரையைவிடக் கரை எத்தனை மீட்டர் உயரம் என்பது அதன் பொருள். சமவுயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் போகும் தாளில் இந்தக் கரைக்கு வேறு வழியில் இடம் கிடைக்காது என்பதால் செய்த ஏற்பாடு. கண்மாய் நாட்டை வரைய வந்தவர்கள் இதைக் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

ட்ரோன் எடுப்பதென்றால் மே மாதம் எடுங்கள். கண்மாய் வறண்டிருக்கும், கோரை காய்ந்து படுத்திருக்கும், படுகை தெரியும். மாதிரி வந்த பிறகு நீரோட்டப் பாதைகளைக் கணிக்கச் சொல்வீர்கள் அல்லவா, அங்கே ஒரு சிக்கல் உண்டு. சாலைக்கு அடியில் இருக்கும் குழாய்ப் பாலம் மேலிருந்து பார்க்கும் எந்தக் கருவிக்கும் தெரியாது. ஆகவே மென்பொருள் சாலையை ஓர் அணையாக எடுத்துக்கொண்டு, நீரைச் சாலையோரமாகவே அரை கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப்போய்விடும். ஒவ்வொரு குழாய்ப் பாலத்தையும், மடையையும், கலுங்கையும் நேரில் பார்த்து, அதன் அடிமட்டத்தை அளந்து, மாதிரியில் அந்த இடத்தில் சாலையை வெட்டித் திறந்துவிட வேண்டும். என் மாணவர்கள் நான்கு வழிச்சாலை ஓரத்தில் ஒரு முறை இதைச் செய்யாமல் விட்டு, இல்லாத ஏரி ஒன்றை வரைந்து கொண்டுவந்தார்கள். வண்ணம் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

மட்டக்கோல் · பிப்ரவரி 14

என் பங்குக்கு ஒரு தவறைச் சொல்கிறேன். இதில் என் கையெழுத்தும் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இடத்துக்கு ட்ரோன் நிறுவனம் கொடுத்த உயரங்களை அப்படியே வாங்கி, துறை கொடுத்திருந்த பழைய கால்வாய் மட்டங்களோடு ஒரே தாளில் போட்டேன். கால்வாய் நிலத்தைவிடத் தொண்ணூறு மீட்டர் மேலே பறந்தது. அத்தனை பெரிய பிழை என்பதால் உடனே தெரிந்தது. சிறியதாக இருந்திருந்தால் தெரிந்திருக்காது.

காரணம் எளியது. ஜி.பி.எஸ். கருவி உயரத்தை அளப்பது பூமியின் கணித வடிவத்திலிருந்து. நாம் பாலத்திலும் மதகிலும் எழுதியிருக்கும் உயரம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. தென்னிந்தியாவில், உலகின் மிகத் தாழ்ந்த ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருப்பதன் காரணமாக, இவ்விரண்டுக்கும் சுமார் 90 மீட்டர் அளவில் வேறுபாடு வருகிறது. மதுரை விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் 140 மீட்டர் என்றால், ஜி.பி.எஸ். கருவி திருத்தம் இல்லாமல் அங்கே காட்டுவது ஐம்பதை ஒட்டிய எண்ணாக இருக்கும். திருத்தம் செய்த பிறகும் சில சென்டிமீட்டர்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே உங்களுக்கு வேண்டியது கடல்மட்டம் கூட அன்று. கலுங்குக் கல்லைச் சரியாக 100.000 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஆட்டோ லெவலில் அங்கிருந்து நிலம் வரை மட்டம் கொண்டுவந்து, எல்லாவற்றையும் அதற்குக் கட்டிவிடுங்கள். பின்னால் நீர்வளத் துறை கடல்மட்டக் கணக்கில் கேட்டால், அருகிலுள்ள மட்டக்கல்லிலிருந்து ஒரு கோடு ஓட்டி, எல்லா எண்ணோடும் ஒரே எண்ணைக் கூட்டினால் முடிந்தது.

ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டியவை: தரையில் வண்ணமடித்து வைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எத்தனை, அவற்றில் சேராத தனிச் சோதனைப் புள்ளிகள் எத்தனை, அவை உங்கள் ஆள் அளந்தவையாக இருக்க வேண்டும், அச்சிட்ட படம் மட்டுமன்றி மூலக் கோப்பும் தர வேண்டும். அரை மீட்டர் சமவுயரக் கோடு என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் சோதனைப் புள்ளிகளில் பிழை அதில் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது சுமார் 17 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது பழைய விதி. கோட்டை எத்தனை நெருக்கமாக வேண்டுமானாலும் மென்பொருள் வரைந்து தரும். அதை வைத்து ஏமாற வேண்டாம்.

அவனியாபுரம்வாசி · பிப்ரவரி 14

இழைக்குச் சற்று வெளியே. 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து குறிப்பிட்ட தொலைவு வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. எங்கள் பகுதி, வில்லாபுரம், திருப்பரங்குன்றம் பக்கம் உள்ளவர்கள் ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் வான்பரப்பு வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டு அனுமதிக்கு நாலு மாதம் காத்திருந்தார்.

கிழக்குத்தெரு · ஜூன் 3

நான்கு மாதம் கழித்து வருகிறேன். பங்காளிகள் ஏழு பேரையும் ஒத்துக்கொள்ள வைப்பதற்கே ஏப்ரல் முடிந்துவிட்டது. மே இரண்டாம் வாரத்தில் ட்ரோன் பறந்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிட்டார்கள். அதற்கு முன்தினம் முழுவதும் சுண்ணாம்பில் கூட்டல் குறி போட்டுப் புள்ளி வைப்பதிலேயே போனது. நிலத்தோடு கலுங்கு, கரை, உள்வாய், மேலேயிருந்து கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்தார்கள். தோப்புக்குள் மட்டக்கோல் அண்ணன் சொன்னபடி தனியாக ஒரு நில அளவரை வைத்து ஆட்டோ லெவல் ஓட்டினோம்.

22 சோதனைப் புள்ளிகள். திறந்த கட்டாந்தரையில் ட்ரோன் மாதிரிக்கும் லெவலுக்கும் 4 முதல் 6 சென்டிமீட்டர் வேறுபாடு. கோரை இருந்த இடத்தில் ஒரு சாண் வரை போனது. சீமைக்கருவேலத்துக்குள் மாதிரி ஒன்றே கால் மீட்டர் உயரமாகக் காட்டியது. அந்தப் பகுதியின் ட்ரோன் எண்களை நீக்கிவிட்டு லெவல் எண்களையே போட்டோம்.

கலுங்குக் கல் 100.000. நிலத்தின் வடமேற்கு மூலை 101.310. தென்கிழக்கு மூலை 99.420. அந்த எண்ணைப் பார்த்ததும் பெரியப்பா எதுவும் பேசவில்லை. பட்டா நிலத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் கலுங்குக்குக் கீழே இருக்கிறது. மடைவாய் ஐயா சொன்ன ஒன்றரை அடியைக் கூட்டி 100.450இல் கோடு போட்டால் 3 ஏக்கர் 10 சென்ட் அதற்குக் கீழே வருகிறது.

எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. வருவாய்த் துறையின் நில அளவைப் படமான புலப்படத்தில் ஒரு வாய்க்கால் புறம்போக்கு எங்கள் மேற்கு எல்லையை ஒட்டிப் போகிறது. மாதிரியில் அந்த இடம் சுற்றுத் தரையைவிட மேடு. எப்போதோ வண்டிப்பாதைக்காக நிரவியிருக்கிறார்கள். நீர் இப்போது ஓடும் பள்ளக்கோடு எங்கள் நிலத்தின் நடுவே, தோப்பின் விளிம்பை ஒட்டி வளைந்து உள்வாய்க்குப் போகிறது. மழைக்காலத்தில் அங்கே சேறு நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்; அது ஓடை என்று யாரும் நினைத்ததில்லை.

நேர்கோடு · ஜூன் 3

அப்படியானால் நடுவே போகும் பள்ளக்கோட்டை மூடிவிட்டுப் புலப்படத்தில் இருக்கும் வாய்க்காலைத் தோண்டித் திறந்துவிடுங்கள். காகிதமும் சரி, நீரும் சரி. ஓர் ஐயம்: மாதிரியில் பள்ளம் தெரிகிறது என்பதற்காக நாளை யாரேனும் வந்து உங்கள் பட்டா நிலத்தில் ஓடை இருக்கிறது என்று வழக்குப் போட மாட்டார்களா? இதனால்தான் எங்கள் தொழிலில் இதை எடுக்கவே தயங்குகிறார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மட்டக்கோல் · ஜூன் 4

எல்லையைச் சொல்வது புலப்படம். உரிமையைச் சொல்வது பட்டாவும், கிராம நிலப் பதிவேடான அ-பதிவேடும். நில மாதிரி இவ்விரண்டையும் மாற்றாது. நம்முடைய புலப்படத்தில் உயரம் என்ற ஒன்றே கிடையாது. கல்லிலிருந்து கல்லுக்குத் தூரமும், அளவுக்கோட்டிலிருந்து வளைவுக்குச் செங்குத்துத் தூரமும் மட்டுமே அதில் இருக்கும். யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டக் காலத்தில் பதிவேடுகளைப் புதுக்கியபோது உட்பிரிவுகளில் பிழைகள் நுழைந்ததும் உண்டு. ஆகவே புலப்படத்து வாய்க்காலும் தரையின் பள்ளக்கோடும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். முதலில் புலப்படத்தின் கற்களை நேரில் கண்டுபிடித்து, அவற்றையும் மாதிரியில் கட்டி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். எங்கே நிரவினார்கள், எத்தனை ஆழம் என்பது அப்போது அளவோடு தெரியும்.

வழக்கைப் பற்றி: மறைத்து வைத்த பள்ளத்தில் வீடு கட்டியவர் போடும் வழக்கு அதைவிடக் கடினமானது.

மனைத்திட்டம் · ஜூன் 5

நேர்கோடு அண்ணன் சொன்ன வழி நடக்கும், ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. மேற்கு எல்லை மேடான பக்கம். அங்கே வாய்க்காலைத் திறந்து உள்வாய் வரை இறக்கம் கிடைக்க வேண்டுமானால் சில இடங்களில் ஆழமாக வெட்ட வேண்டும். கிழக்குத்தெரு நண்பர் அனுப்பிய கோப்பை நான் திறந்து பார்த்தேன். வாய்க்காலின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள இறக்கத்தில் முந்நூறுக்கு ஒன்று என்ற சரிவு கிடைக்கிறது. நடுவில் சுமார் 70 மீட்டர் நீளத்துக்கு மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் வெட்ட வேண்டியிருக்கிறது. அது பெரிய வேலை இல்லை. ஆனால் மேலே இருந்து வரும் நீர் வேறு, நிலத்துக்குள்ளேயே விழும் நீர் வேறு. மேலிருந்து வருவதை மேற்கு வாய்க்காலில் திருப்பினாலும், உள்ளே விழுவது பழைய பள்ளக்கோட்டைத் தேடித்தான் வரும்.

ஆகவே நான் வரைந்தால் இப்படி வரைவேன். பள்ளக்கோட்டின் போக்கிலேயே பிரதானச் சாலையை வைத்து, அதன் ஒரு பக்கம் அகலமான திறந்த வடிகாலை விடுவேன். சாலை நேர்கோடாக இருக்காது, வளைந்துதான் போகும். மனைகள் இரு புறமும் சாலையை நோக்கிச் சரியும். 100.450க்குக் கீழே இருக்கும் 3 ஏக்கர் 10 சென்டில் மனை போட மாட்டேன். பொது இடத்துக்கு விடவேண்டியதை அங்கேயே வைத்து, மீதியைத் தோப்பாகவே விட்டுவிடலாம். மண் அடிக்க வேண்டிய பரப்பு முக்கால் ஏக்கருக்குள் அடங்கிவிடுகிறது. மேற்கில் வாய்க்காலுக்கு வெட்டி எடுக்கும் மண்ணே அதில் ஒரு பகுதிக்கு வரும். பள்ளத்தை நிரவி மனையாக்கிக் கிடைக்கும் விலையையும் அதற்கு அடிக்கும் மண்ணின் விலையையும் பங்காளிகள் முன் வைத்து நீங்களே கழித்துப் பாருங்கள்.

மடைவாய் · ஜூன் 5

உள்வாயில் மண் விழாது என்றால் எங்கள் ஆயக்கட்டில் யாரும் மறுப்புச் சொல்லப்போவதில்லை. வாய்க்காலைத் திறக்கும்போது வரத்துக்காலோடு சேரும் இடத்தில் எங்களையும் வைத்துக்கொண்டு வெட்டுங்கள். அங்கே ஒரு பழைய கல்லணைப்பு மண்ணுக்குள் கிடக்கிறது. டோசர் பட்டால் போய்விடும்.

கிழக்குத்தெரு · ஜூன் 21

வீட்டில் கழித்துப் பார்த்தோம். மூத்த பங்காளிகள் இருவர், மூன்று ஏக்கரை மனையாக்காமல் விடுவதா என்று கடைசி வரை வாதாடினார்கள். அவர்கள் பங்குக்குச் சாலையோர மனைகளில் கூடுதலாக ஒன்று கொடுப்பது என்று முடிவாயிற்று. எங்கள் வரைவு, ‘மனைத்திட்டம்’ நண்பர் சொன்ன போக்கிலேயே போகிறது. நீர்வளத் துறைக்கான விண்ணப்பத்தோடு மட்டத் தாளையும் வைக்கிறோம்.

ஒரு சிறு உதவி வேண்டும். கலுங்குக் கல்லை 100.000 என்று வைத்தோம் அல்லவா, அந்தக் கல்லின் மேல்முகம் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. லெவல் எடுத்தவர் எந்த இடத்தில் ஸ்டாஃபை வைத்தார் என்பது தாளில் இல்லை.

மட்டக்கோல் · ஜூன் 21

உடனே அவரைத் திரும்ப அழைத்துப் போங்கள். கல்லின் நடுவில் உளியால் அம்புக்குறி ஒன்று கொத்தி, அங்கே மட்டத்தை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அதே மட்டத்தை உங்கள் நிலத்துக்குள் இரண்டு இடத்தில், பம்புசெட் அறைப் படியிலும் கிணற்றுக் கைப்பிடிச் சுவரிலும், சிவப்பு வண்ணத்தில் எழுதி வையுங்கள். எண், தேதி, எடுத்தவர் பெயர் மூன்றும் தாளில் ஏற வேண்டும். டோசர் உள்ளே வருவதற்கு முன் இது நடக்கட்டும்; முதல் நாளிலேயே கலுங்குப் பக்கம்தான் வண்டியைத் திருப்புவார்கள்.